கால்மாடு தலைமாடு

அப்பாவின் ரையைத் தன் கழுத்திலேயே கட்டிப் பார்த்து, முடிச்சுக் குலையாமல் றொஷினி கழற்றிக்கொண்டிருந்தபோது, சித்தப்பா ஒரு பிளாஸ்ரிக் பையை மேசைமேல் வைத்தார். ரொறொன்ரோவில் மரக்கறி வாங்கிய கடையின் பை. அதற்குள் கையை விட்டு அவர் வெளியே எடுத்தது வெள்ளைப் பட்டில் பொன்னூல் வேலை செய்த ஒரு பூசையுடுப்பு. மடிப்பு விழுந்த இடங்களில் பட்டு மஞ்சளாகியிருந்தது. பூச்சி உருண்டையின் மணம் அந்தச் சின்ன அறை முழுக்கப் பரவியது.

“கோட்டும் வேண்டாம் ரையும் வேண்டாம். அண்ணைக்கு இதைப் போடுங்கோ” என்றார்.

மொன்றியலில், ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்குக் கிட்ட, செத்தவர்களை உடுத்திப் பெட்டியில் வைக்கிற மலர்ச்சாலை அது. அடுத்த அறையில் அப்பாவின் உடல் கிடந்தது. உடுப்பை வாங்கிப் போவதற்காக மலர்ச்சாலைக்காரி மதாம் லோரான் கதவோரம் நின்றாள். தமிழ் விளங்காவிட்டாலும் வீட்டுச் சண்டை விளங்கும் தொழில் அவளுடையது. மெல்லக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அஞ்சலீனா, றொஷினியின் அம்மா, மூலைக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்குப் போடவிருந்த சாம்பல் நிறக் கோட்டை முதல் நாள் தன் கையாலேயே அயர்ன் பண்ணியவள் அவள். பூசையுடுப்பை ஒருதரம் பார்த்தாள். பிறகு கைப்பையைப் பார்த்தாள். 

சித்தப்பா நீக்கிலாப்பிள்ளை அப்பாவின் ஒரே தம்பி. இத்தனை வருடமும் இந்த நாட்டிலேயே இருந்தும் அண்ணன் வீட்டுப் படி ஏறாதவர். நத்தார்ப் பெருநாளுக்குப் போன் எடுப்பார். அம்மா எடுத்துவிட்டால் “அண்ணை நிக்கிறாரோ” என்று மட்டும் கேட்பார். அவளை அண்ணி என்றும் சொன்னதில்லை, பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கிற யாரிடமாவது “அவவிட்டக் கேள்” என்பார்.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். வலன்ரைன், றொஷினியின் அப்பா, மன்னாரில் குருப்பட்டம் பெற்ற சாமியார். மேற்படிப்புக்கென்று ஆயர் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே தாதிப் படிப்புக்கு வந்திருந்த அஞ்சலீனாவைக் கண்டார். ரோமுக்கு எழுதி, விடுவிப்புக் கடிதம் வரும்வரை மரியாதையாகக் காத்திருந்து, கலியாணம் கட்டி, மொன்றியலுக்கு வந்து, பியர்ஃபோனில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராகி ஓய்வும் பெற்றார். தமிழ்ப் பூசைக்கு ஒரு ஞாயிறு தவறியதில்லை. ஆனால் கடைசி வாங்குப் பலகையில், சூடு தருகிற இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில்தான் இருப்பார். வாசகம் வாசிக்கக் கூப்பிட்டாலும் போகமாட்டார். வயதானவர்கள் சிலர் வாய் தவறி “சுவாமி” என்று தொடங்கி, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு “மாஸ்ரர்” என்பார்கள். அவர் இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் சிரிப்பார்.

சித்தப்பா உடுப்போடு நிற்கவில்லை. இன்னொன்றும் கேட்டார். கோயிலில் சவப்பெட்டியை வைக்கும்போது தலைமாடு பீடத்தின் பக்கம் இருக்க வேண்டும் என்றார்.

சாதாரண சனத்தின் பெட்டிக்குக் கால்மாடுதான் பீடத்தின் பக்கம். உயிரோடு வாங்கில் இருந்து பீடத்தைப் பார்த்த மாதிரியே கடைசியாகவும் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். சாமியார் செத்தால் மறுபக்கம். பூசை வைத்தபோது சனத்தைப் பார்த்து நின்றவர், பெட்டிக்குள்ளும் சனத்தைப் பார்த்தே கிடப்பார். பெட்டியைக் கண்டதும் உள்ளே கிடப்பது யார் என்று கோயில் பழக்கம் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

றொஷினி பங்குச் சாமியாருக்குப் போன் எடுத்தாள். றெனோல்ட் சுவாமி இளவயதுக்காரர், யாருடைய மனதையும் நோகடிக்கத் தெரியாதவர். பூசையுடுப்பு போடவே முடியாது, ரோமின் கடிதப்படி அவர் பொதுநிலை ஆள்தான் என்று திட்டமாகச் சொன்னார். பெட்டி எந்தப் பக்கம் என்று கேட்டதும் இருமினார். சட்டப்படி கால்மாடுதான் பீடத்துக்கு, ஆனால் குடும்பமாகக் கதைத்து ஒரு முடிவெடுத்தால் தான் குறுக்கே நிற்கமாட்டேன் என்றார். நல்ல மனிதர்களால் வருகிற தொல்லை இது.

முடிவெடுக்கச் சித்தப்பா முதல் தடவையாக வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குசினி மேசையில் வந்து இருந்தார். சுவரில் மாட்டியிருந்த படம் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. ஆஷ்கெல்பிக் கோயிலின் படம்.

மற்றப் பிள்ளைகளுக்கு நரிக்கதை சொல்லி நித்திரையாக்குவார்கள். றொஷினிக்கு ஆஷ்கெல்பிக் கோயில். இங்கிலாந்தில், லிங்கன்ஷயர் வயல்களுக்கு நடுவில், எண்ணூறு வருடத்துக்கு மேலாக நிற்கிற ஒரு சின்னக் கிராமத்துக் கோயில் அது. இப்போது அது அங்கிலிக்கன்காரருடையது. “ஒரு ராசா கலியாண விசயத்தில பாப்பரசரோட கோவிச்சுக்கொண்டு போகுமட்டும் எங்கடதான்” என்று அப்பா சொல்லுவார். சொல்லிவிட்டு ஏனோ அம்மாவைப் பார்ப்பார்.

கட்டிலில் கிடந்தபடியே அவர் அவளைக் கைபிடித்து உள்ளே கூட்டிப் போவார். தரை சமமில்லை, பார்த்து வா என்பார். பீடத்துக்குப் போகிற இடத்தில் அரைவட்டமாக ஒரு தடித்த வளைவு, விளிம்பெல்லாம் பல்லுப் பல்லாகச் செதுக்கியது. கடல் கடந்து வந்து நாட்டைப் பிடித்த நோர்மன்காரரின் வேலை. கூரிய வளைவு கட்டத் தெரியாத காலம், அதனால்தான் வட்டம். பிறகு ஆட்டுமயிர் விற்றுக் காசு பார்த்த ஊர்க்காரர் இரண்டு பக்கச் சுவரையும் இடித்துத் தூண்களை நிறுத்திக் கோயிலை அகலமாக்கினார்கள். வடக்குச் சுவரில் ஆற்றைக் கடக்கிற புனித கிறிஸ்தோப்பர் பெரிய ஓவியமாக இருந்தார். மதம் மாறியபோது சுண்ணாம்பு அடித்து மூடிவிட்டார்கள். முந்நூறு வருடம் கழித்து யாரோ சுரண்டிப் பார்க்க, முழங்காலுக்குக் கீழேதான் மிஞ்சியிருந்தது. இரண்டு பெரிய பாதம், சுற்றிவர மீன்.

அப்பாவுக்கு மிகவும் பிடித்தது தூண்கள்தான். தெற்குப் பக்கத் தூண்களின் தலையில் எல்லாம் இலையும் கொடியும் செதுக்கியிருக்கும். வடக்கில் முதல் தூணுக்கு இலை உண்டு. அடுத்ததற்கு இலையின் கோடு மட்டும் உண்டு. மற்றவை வெறும் கல். செதுக்கியவன் எங்கே போனான் என்று றொஷினி ஒவ்வொரு தடவையும் கேட்பாள். கொள்ளைநோய் வந்தது, ஊரில் பாதிச் சனம் போனது, அவனும் போய்விட்டான் என்பார். வேறு ஆள் வந்து செதுக்கவில்லையா என்றால், வந்தவர்கள் கூரையைப் போட்டார்கள், வேலையை முடித்தார்கள், அந்தத் தூண்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள் என்பார். அது ஏன் அவருக்கு அவ்வளவு பிடித்தது என்று அவள் கேட்டதில்லை.

கதை எப்போதும் கதவுக்கு உள்ளேதான் தொடங்கும். வெளியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் “வெளியில மழை” என்பார். அவ்வளவுதான்.

கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று, வாய் இழுத்துக்கொண்ட பிறகும் அவர் வலது கையைத் தூக்கித் தூக்கி மேலே காட்டினார். தாதி தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தாள். அவர் தூணின் தலையைக் காட்டுகிறார் என்று றொஷினிக்குத் தெரிந்தது. “ஓம் அப்பா, பாத்திட்டன்” என்றாள். கை இறங்கியது. அடுத்த நாள் விடியற்புறம் அம்மா ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. அம்மா அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நனைத்துக்கொண்டிருந்தாள்.

குசினியில் அம்மா தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். சித்தப்பா கோப்பையைப் பார்த்துக்கொண்டே வாங்கினார்.

றொஷினி சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். அவர் சாமியாராக இருந்தது சில வருடம், அம்மாவின் புருசனாக இருந்தது நாற்பது வருடம் என்றாள். சித்தப்பா தலையை ஆட்டினார்.

“எண்ணிக்கையில இல்லை, பிள்ளை. தைலம் பூசின கை. ரோமில இருந்து கடிதம் வந்தாலும் அது அழியாது. வேதப்படிப்பில படிச்சனிதானே?”

படித்தாள்தான். அவர் சொன்னது சரி என்பதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அப்பாவின் கோயிலையே துணைக்கு இழுத்தாள். ஆஷ்கெல்பியில் பீடத்துக்கு முன்னால் தரையில் ஒரு குருவானவரின் கல்லறைக் கல் இருக்கிறது, மேலே கிண்ணம் செதுக்கியது. அந்தக் காலத்தில் சாமியையும் சனத்தையும் ஒரே பக்கமாகத்தான் குழிக்குள் தாட்டார்கள், எல்லாருக்கும் கால் கிழக்கே, பீடத்தின் பக்கம். சாமிமாருக்கு மறுபக்கம் என்பது எவ்வளவோ காலம் கழித்து வந்த பழக்கம். அப்பாவே சொன்னது இது என்றாள்.

சித்தப்பா சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“அது வெள்ளைக்காரன்ர கோயில்” என்றார். “எங்கட ஊர் பேசாலையில அண்ணை முதல் பூசை வைச்ச அண்டைக்கு எங்கட வீட்டில இருந்து கோயில் மட்டும் வெள்ளைத் துணி விரிச்சவை. கடலுக்கு ஒருத்தரும் போகேல்லை. அதுக்குப் பிறகு உந்தக் கலியாணக் கதை வந்தாப்போலை, எங்கட அம்மா முன் வாசலால கோயிலுக்குப் போகேல்லை. சாகுமட்டும் பக்கத்துக் கதவுதான். இந்த உடுப்பு அவவின்ர உடுப்புப் பெட்டிக்குள்ள கிடந்தது. எறியவும் இல்லை, ஒருத்தருக்குக் குடுக்கவும் இல்லை.”

அவர் அழவில்லை. தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். வறட்டுப் பிடிவாதம் என்று இவ்வளவு நாளும் நினைத்தது பிழை என்று றொஷினிக்குப் பட்டது. இந்த மனிதரும் எதையோ சுமந்துகொண்டு ரொறொன்ரோவிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். ஆனால் அதற்காக அம்மாவை விட்டுக்கொடுக்க முடியாது.

“சித்தப்பா, நாளைக்குச் சனம் முழுக்கப் பாத்துக்கொண்டிருக்க அப்பாவைச் சாமியார் மாதிரிக் கிடத்தினா, அம்மா ஆர்? முன் வாங்கில கறுப்புச் சீலையோட இருக்கிற மனுசி ஆர்? அதை மட்டும் சொல்லுங்கோ.”

சித்தப்பா வெறும் கோப்பையை மேசையில் தள்ளி வைத்தார். அம்மா அடுப்பின் பக்கம் திரும்பி நின்றாள். வெளியே பின்வளவில் பக்கத்து வீட்டுக்காரன் இலை கூட்டுகிற சத்தம் கேட்டது.

“சரி. உங்கட விருப்பம்” என்று சித்தப்பா எழுந்தார். பூசையுடுப்பை மடித்தார், பழைய மடிப்பிலேயே மடித்தார், பைக்குள் வைத்தார். சப்பாத்துப் போடும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

வென்றுவிட்டேன் என்று றொஷினி தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒரு சந்தோசமும் வரவில்லை.

அம்மா கோப்பைகளைக் கழுவினாள். கழுவி முடித்தும் தண்ணீர்க் குழாயை நிறுத்தவில்லை.

“மழை எண்டா அப்பிடி மழை” என்றாள் திடீரென்று.

றொஷினிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அம்மா முகத்தை நிமிர்த்தி நாடியால் படத்தைக் காட்டினாள். ஆஷ்கெல்பிக் கோயிலின் கதவுக்கு முன்னால் சின்னதாக ஒரு வாசல் மண்டபம் நீட்டிக்கொண்டு நின்றது. ஓட்டுக் கூரை, இரண்டு பக்கமும் கல் திண்டு. பஸ்ஸைத் தவறவிட்டு, தாதி உடுப்போடு நனைந்துகொண்டு தான் அதற்குள் ஓடியதாகவும், அங்கே சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு அப்பா இருந்ததாகவும் அம்மா சொன்னாள். தமிழ் முகத்தைக் கண்டு இரண்டு பேருமே திகைத்துப் போனார்களாம்.

“சாமிமார் போடுற வெள்ளைக் கழுத்துப் பட்டி போட்டிருந்தவர். சுவாமி எண்டுதான் நானும் கதைச்சன். அந்தக் காலத்தில கலியாணத்தை உந்த வாசல் மண்டபத்தில வைச்சுத்தான் கட்டி வைக்கிறவை, பேந்துதான் உள்ளுக்குப் பூசைக்குப் போறவை எண்டு சொன்னார். ஒரு சாமியார் ஏன் எனக்கு இதைச் சொல்லுறார் எண்டு நினைச்சன்.” அவள் குழாயைப் பூட்டினாள். “நான் உள்ளுக்குப் போகவே இல்லை, றொஷினி. தூணும் தெரியாது, ஒண்டும் தெரியாது. மழை விட்டுது, பஸ் வந்திட்டுது. எனக்கு அந்த வாசலோட சரி.”

அப்பா சொல்லாமல் விட்ட இடம் அதுதான் என்று றொஷினிக்கு அப்போது விளங்கியது. மனுசன் தன் மகளுக்குக்கூட அதைப் பங்கு போட்டுக் கொடுக்கவில்லை. அவளுக்குக் கோபமாக இருந்தது.

“நான் சித்தப்பாவுக்குச் சொன்னது சரிதானே, அம்மா?”

“நீ எனக்காகத்தானே கதைச்சனி” என்றாள் அம்மா. கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினாள். கடைசிக் கோப்பையைத் துடைத்தபடி, “பூசை நேரத்தில அப்பாவைப் பக்கத்தில இருந்து கூப்பிட்டாலும் கேளாது” என்றாள். அது எதற்குச் சொன்ன பதில் என்று றொஷினி கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மழையும் பனியும் கலந்து விழுந்தது. தமிழ்ப் பூசை நடக்கிற கோயில் நூறு வருடத்துக்கு முன் பிரெஞ்சுக்காரர் கட்டியது. வளைவெல்லாம் கூரியதுதான், ஆனால் கல்லில்லை, சாந்து பூசிக் கல் மாதிரிக் கோடு போட்டது. அப்பாவுக்கு அதில் ஒரு இளக்காரம். வீதி போன போக்கில் கோயிலைக் கட்டியிருக்கிறார்கள், மொன்றியலில் கிழக்கு எது என்று கோயிலுக்கே தெரியாது என்பார். இருந்தாலும் ஞாயிறு வந்தால் முதல் ஆளாக வெளிக்கிட்டு நிற்பார்.

சனம் நிறைந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அவரிடம் படித்த வெள்ளைக்காரர் சிலரும் வந்திருந்தார்கள். சித்தப்பா முன்னுக்கு வரவில்லை. அண்ணன் இருந்த கடைசி வாங்கில், இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டார். றொஷினி போய்க் கூப்பிட்டாள். இதிலேயே இருக்கிறேன் என்று கையைக் காட்டினார்.

மலர்ச்சாலையின் கறுப்புக் கோட்டுக்காரர்கள் பெட்டியைச் சில்லு வைத்த தாங்கியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பேசி முடிவெடுத்தபடியே கால்மாடு முன்னால் வந்தது. பீடத்தின் படிக்கு முன்னால் நிறுத்தினார்கள். றெனோல்ட் சுவாமி தீர்த்தம் தெளித்தார். வெள்ளைத் துணியை விரித்துப் பெட்டியை மூடுவதற்கு அம்மாவையும் றொஷினியையும் கூப்பிட்டார். றொஷினி ஒரு முனையைப் பிடித்தாள். அம்மா மற்ற முனையைப் பிடிக்கவில்லை. பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்து றொஷினி அவளின் தோளைப் பிடித்தாள்.

“ஃபாதர்” என்றாள் அம்மா. “பெட்டியைத் திருப்பி வையுங்கோ.”

சுவாமி குனிந்து, என்னம்மா என்றார்.

“தலைமாடு அங்கால, பீடத்தின்ர பக்கம் வரட்டும்.”

றொஷினிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. யாருக்காகச் சித்தப்பாவின் வாயை அடைத்தாள்? யாருக்காக ஒரு கிழவனைத் தனியே கடைசி வாங்கில் இருக்க விட்டாள்? அம்மாவின் கையைப் பிடித்து, சனம் பார்க்கிறது, என்ன சொல்லும் என்று காதுக்குள் கேட்டாள்.

“சனம் சொல்லுறதைச் சொல்லட்டும்” என்றாள் அம்மா. குரலைத் தாழ்த்தவில்லை. “நாப்பது வருசம் பக்கத்தில இருந்தனான், பிள்ளை. பீடத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தவர். இண்டைக்கு ஒருக்கா என்னைப் பாக்கட்டும்.”

 சுவாமி கறுப்புக் கோட்டுக்காரர்களிடம் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார். அவர்கள் மதாம் லோரானைப் பார்த்தார்கள், அவள் தலையசைத்தாள். வாங்குகளுக்கு நடுவே இடம் போதவில்லை. பூவளையங்களை எடுத்துச் சுவரோரம் சாத்தினார்கள். மெழுகுதிரித் தாங்கியைத் தள்ளி வைத்தார்கள். பாதித் திருப்பத்தில் கம்பளத்தின் விளிம்பில் ஒரு சில்லு மாட்டிக்கொண்டது. 

நடுப்பாதையால் யாரோ விறுவிறென்று வருகிற சத்தம் கேட்டது. சித்தப்பா. யாரையும் கேட்காமல் குனிந்து தலைமாட்டுக் கைபிடியைப் பிடித்தார். சில்லைத் தூக்கி விளிம்பைத் தாண்ட வைத்தார். அவர் கண் நிறைந்து வழிந்தது. தன் அண்ணன் மறுபடியும் சாமியாராகிவிட்டான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். றொஷினி அவரைத் திருத்தப் போகவில்லை. அவர் பக்கத்திலேயே நின்று மற்றக் கைபிடியைப் பிடித்தாள்.

பெட்டி திரும்பி நின்றது. வெள்ளைத் துணியை விரித்தார்கள். சுவாமி பீடத்துக்கு ஏறினார்.

அம்மா முன் வாங்குக்குப் போய் இருந்தாள். இருந்த இடம் சரிவரவில்லைப் போல, எழும்பி, வாங்கின் ஓரத்துக்கு, பெட்டிக்கு நேரே வருகிற மாதிரி நகர்ந்து இருந்தாள். கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தாள். சீலைத் தலைப்பால் இரண்டு பக்கமும் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.